ஆண்டின் நடுவில் வெளிநாட்டுப் பணிக்குச் சென்றவர், கூடுதலாகப் பிடித்த வருமான வரியைத் திரும்பப் பெறுவது எப்படி?

வடகாற்று:

அனைவருக்கும் வணக்கம். மாதம் 2 லட்சம் ரூபாய் சம்பளத்தில் பணியாற்றிவந்த நான், 2025 ஆகஸ்ட் இறுதியில் வேலையிலிருந்து விலகி, செப்டம்பர் 10 அன்று ஜெர்மனிக்குப் புறப்பட்டு, அங்கே வேறொரு நிறுவனத்தில் பணியில் சேர்ந்துவிட்டேன். பழைய நிறுவனம் ஆண்டு முழுவதும் நான் அங்கேயே இருப்பேன் என்ற கணக்கில் ஐந்து மாதங்களுக்கு மொத்தம் 1,21,875 ரூபாய் டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) பிடித்திருக்கிறது. இறுதிக் கணக்கை முடிக்கும்போது கேட்டதற்கு, பணம் ஏற்கெனவே அரசுக்குச் செலுத்தப்பட்டுவிட்டதால் வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு சொல்லிவிட்டார்கள்.

இந்தியாவில் எனக்கு இந்த நிதியாண்டில் கிடைத்த சம்பளம் 10 லட்சம் மட்டுமே. புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் பிடித்த தொகை முழுவதும் திரும்பி வந்துவிடும் என்று நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அது சரியா என்பதையும், எந்தப் படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும், பணம் எந்தக் கணக்குக்கு வரும் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கணக்குமேசை:

நண்பரே, உங்கள் நண்பர் சொன்னது சரியல்ல. முழுத் தொகையும் வராது. ஆனால் பெரும்பகுதி வரும்.

இத்தகைய கேள்விகளில் எவ்வளவு பிடித்தார்கள் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. முதலில் முடிவு செய்ய வேண்டியது அந்த நிதியாண்டில் உங்கள் குடியிருப்பு நிலை என்ன என்பதைத்தான். வருமான வரிச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 182 நாட்கள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால் குடியிருப்பாளர் ஆகிறார். அது இல்லாவிட்டாலும், அந்த ஆண்டில் 60 நாட்களும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாட்களும் இருந்திருந்தால் அவர் குடியிருப்பாளர்தான். இந்த இரண்டாவது விதி அப்படியே பொருந்துமானால், இத்தனை காலம் இங்கேயே வாழ்ந்த நீங்களும் குடியிருப்பாளர் ஆகிவிடுவீர்கள். ஆனால் வெளிநாட்டில் வேலை பார்ப்பதற்காக நாட்டை விட்டுச் செல்லும் இந்தியக் குடிமகனுக்கு, அவர் புறப்படும் ஆண்டில் அந்த 60 நாட்கள் என்பதை 182 நாட்களாகக் கொள்ள வேண்டும் என்று சட்டமே விலக்கு அளிக்கிறது.

ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 10 வரை, புறப்பட்ட நாளையும் சேர்த்து 163 நாட்கள் வருகின்றன. எனவே 2025-26 நிதியாண்டுக்கு நீங்கள் குடியிருப்பற்றவர். செப்டம்பர் 28 அன்று விமானம் ஏறுபவருக்கு 181 நாட்கள், 29 அன்று ஏறுபவருக்கு 182 நாட்கள். அந்த ஒரு நாளில் ஆண்டு முழுவதற்குமான வரிநிலை மாறிவிடும் என்பதால், புறப்படும் தேதியைத் தாமே முடிவு செய்யும் வாய்ப்புள்ளவர்கள் அதைப் பயணச்சீட்டு வாங்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

இனி உங்கள் தொகை. நிறுவனம் 24 லட்சம் ஆண்டுச் சம்பளத்தில் 75,000 நிலைக்கழிவு (சம்பளம் பெறுபவருக்கு உள்ள நிலையான கழிவு) போக 23,25,000 ரூபாய்க்கு வரி கணக்கிட்டிருக்கிறது. வரியின் மேல் விதிக்கப்படும் செஸ் உட்பட அது 2,92,500 ரூபாய். அதை 12 மாதங்களுக்குப் பகிர்ந்து மாதம் 24,375 வீதம் பிடித்திருக்கிறார்கள். உங்கள் உண்மையான வருமானம் 10 லட்சத்தில் நிலைக்கழிவு போக 9,25,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 விழுக்காடாக 20,000, எஞ்சிய 1,25,000க்கு 10 விழுக்காடாக 12,500, ஆக 32,500. அதன்மேல் 4 விழுக்காடு செஸ் 1,300 சேர்த்தால் 33,800 ரூபாய். பிடித்ததில் இதைக் கழித்தால் உங்களுக்குத் திரும்பி வர வேண்டியது 88,075 ரூபாய்.

12 லட்சம் வரை வரி இல்லை என்று சொல்லப்படுவது வரி விகிதத்தில் உள்ள விலக்கு அல்ல. அது 87ஏ பிரிவின்படி தரப்படும் தள்ளுபடி. அந்தப் பிரிவு குடியிருப்பாளர்களுக்கு மட்டுமே உரியது. விளம்பரங்களில் இந்த ஒரு சொல் எப்போதும் விடுபட்டுப்போவதால் வருடந்தோறும் பலர் இப்படி ஏமாற்றமடைகிறார்கள்.

வடகாற்று:

மிக்க நன்றி ஐயா. ஒரு சந்தேகம். தாக்கல் செய்யும் தளத்தில் குடியிருப்பு நிலையை நாமே தேர்ந்தெடுக்கும்படிதான் இருக்கிறது. அதில் குடியிருப்பாளர் என்று குறித்தால் 1,21,875 ரூபாயும் திரும்பக் கிடைக்கும் என்று காட்டுகிறது. அலுவலகத்தில் என்னோடு பணியாற்றி, என்னைப் போலவே வெளிநாடு சென்ற சிலர் அப்படித்தான் செய்திருப்பதாகச் சொல்கிறார்கள். நிலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு உண்டா?

கணக்குமேசை:

இல்லை. தளம் கேட்பது உங்கள் விருப்பத்தை அல்ல, நடந்ததை. குடியிருப்பு நிலை என்பது நாட்கணக்கிலிருந்து தானாக வருவது.

தவிர, குடியிருப்பாளர் என்று குறித்துவிட்டு அதன் பயனை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. இந்தியக் குடியிருப்பாளருக்கு உலகில் எங்கு ஈட்டிய வருமானமும் இங்கே வரிக்குரியது. அப்படிக் குறித்தால் செப்டம்பர் முதல் மார்ச் வரையிலான உங்கள் ஜெர்மானியச் சம்பளத்தையும் காட்ட வேண்டும், அங்கே செலுத்திய வரிக்கு இங்கே கழிவு பெறப் படிவம் 67 தாக்கல் செய்ய வேண்டும், வெளிநாட்டுச் சொத்துகளுக்கான எஃப்ஏ அட்டவணையில் அங்குள்ள வங்கிக் கணக்கையும் குறிப்பிட வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்தால் மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டி, எதற்காக அந்த நிலையைத் தேர்ந்தெடுத்தீர்களோ அந்தத் தள்ளுபடியே போய்விடும். இவற்றைக் காட்டாமல் விட்டு முழுத் தொகையையும் வாங்கிக்கொள்வது பொய்க் கணக்கு. கடவுச்சீட்டில் குடியேற்ற முத்திரை இருக்கிறது, நாடுகளுக்கிடையே வங்கித் தகவல் பரிமாற்றம் இருக்கிறது. 33,800 ரூபாய்க்காக இந்தத் தலைவலியை யாரும் வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

சிறுகுறிப்பு:

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வேலைக்காகச் சென்றவர் என்ற விலக்கைக் கோருபவர் தமது பணி ஒப்பந்தம், வேலை விசா, புறப்பாட்டு முத்திரை உள்ள பக்கம் ஆகியவற்றின் நகல்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தாக்கலின்போது எந்த ஆவணமும் இணைக்கப்படுவதில்லை என்றாலும், பின்னர் கேள்வி வந்தால் காட்ட வேண்டியவை இவைதான். வேலை என்பதில் சொந்தத் தொழிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே தொழில் தொடங்கச் சென்றவர்களும் இந்த விலக்கைக் கோர இடமுண்டு.

புதுமாணவர்:

இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் தம்பி ஜூலை வரை இங்கே வேலை பார்த்துவிட்டு, 2025 ஆகஸ்ட் 20 அன்று முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனி சென்றான். நான்கு மாதச் சம்பளம் மட்டும்தான், அதிலும் டிடிஎஸ் பிடித்திருக்கிறார்கள். அவனுக்கும் தள்ளுபடி கிடையாதா?

கணக்குமேசை:

நல்ல கேள்வி, ஏனென்றால் விடை தலைகீழாக வருகிறது. வேலைக்காகச் செல்பவருக்கான விலக்கின் சொற்கள் படிப்புக்காகச் செல்பவரை உள்ளடக்கவில்லை. ஆகவே உங்கள் தம்பிக்கு 60 நாள் விதி அப்படியே பொருந்துகிறது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் 20 வரை 60 நாட்களைத் தாண்டிவிட்டார், முந்தைய நான்கு ஆண்டுகளிலும் இங்கேயே இருந்திருக்கிறார். எனவே 2025-26இல் அவர் குடியிருப்பாளர். அவருடைய மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்து புதிய வரிமுறையில் தாக்கல் செய்தால், 87ஏ தள்ளுபடியும் உண்டு, பிடித்த தொகை முழுவதும் திரும்பி வரும்.

ஆனால் அவருக்கு வேறொரு கடமை இருக்கிறது. ஜெர்மனிக்குப் படிக்கச் செல்பவர்கள் விசாவுக்காக ஓராண்டுச் செலவுத் தொகையை அங்குள்ள முடக்கக் கணக்கில் போட்டுவைப்பது வழக்கம். அந்தக் கணக்கும், அங்கே போய்த் திறந்த நடப்புக் கணக்கும் வெளிநாட்டுச் சொத்துகள். குடியிருப்பாளர் என்பதால் அவற்றை எஃப்ஏ அட்டவணையில் காட்ட வேண்டும். அந்த அட்டவணை நிதியாண்டைப் பார்ப்பதில்லை, 2025 டிசம்பர் 31 அன்று முடிந்த நாட்காட்டி ஆண்டைப் பார்க்கிறது. வெளிநாட்டுச் சொத்து இருப்பவர் ஐடிஆர்-1 என்ற எளிய தாக்கல் படிவத்தைப் பயன்படுத்தக் கூடாது, ஐடிஆர்-2தான். அந்த விவரத்தை விட்டுவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருந்தது. அசையாச் சொத்து அல்லாதவற்றின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் 1 முதல் தளர்த்தியிருக்கிறார்கள். அபராதம் இல்லை என்பதற்காகக் காட்டாமல் விடலாம் என்று பொருளல்ல. பகுதிநேர வேலையில் சம்பாதித்ததையும் மார்ச் 31 வரை கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

நெடுவழி:

நான் சில ஆண்டுகளாகத் துபாயில் இருக்கிறேன். வரி இல்லாத நாடுகளுக்குச் செல்பவர்கள் 6(1ஏ) பிரிவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறெந்த நாட்டிலும் வரி செலுத்தும் கடப்பாடு இல்லாத இந்தியக் குடிமகனின் இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால், ஒரு நாள்கூட இங்கே இல்லாவிட்டாலும் அவர் குடியிருப்பாளராகக் கருதப்படுவார். இருந்தாலும் சாதாரணக் குடியிருப்பாளர் அல்லாதவர் என்ற இடைநிலை என்பதால் வளைகுடாச் சம்பளத்துக்கு இங்கே வரி வராது. ஜெர்மனி போன்ற நாடுகளுக்குச் செல்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

நான் சொல்ல வந்தது வங்கிக் கணக்கைப் பற்றி. வெளிநாட்டில் குடியேறியதும் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (குடியிருப்பற்றவர் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. பலர் இதை ஒத்திப்போட்டு, ரீஃபண்ட் வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர் வரித் தளத்தில் பழைய கணக்கைக் கொடுத்துவிட்டு, இடையில் வங்கியில் மாற்றிவிடுகிறார்கள். மாற்றும்போது சில வங்கிகள் கணக்கு எண்ணையே மாற்றிவிடுவதால் அனுப்பிய பணம் திரும்பிப் போய்விடும். ஆகவே முதலில் என்ஆர்ஓ ஆக மாற்றி, பிறகு அதைத் தளத்தில் முன்சரிபார்ப்பு (கணக்கு உங்களுடையதுதான் என்று உறுதிசெய்வது) செய்து, அதன் பிறகு தாக்கல் செய்வதே தொந்தரவில்லாத வரிசை.

சிறுகுறிப்பு:

முன்சரிபார்ப்பில் நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்றுண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. வங்கிப் புத்தகத்தில் ஒற்றை எழுத்து முன்னெழுத்தோடு பெயர் இருக்கும். பான் அட்டையில் அந்த முன்னெழுத்து விரிந்து தந்தையின் முழுப்பெயராகக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். கடவுச்சீட்டில் இரண்டும் இடம் மாறியிருக்கும். பெயர் பொருந்தவில்லை என்று சரிபார்ப்பு நிராகரிக்கப்பட்டால், அதற்குப் பரிகாரம் வங்கியில் பானில் உள்ளபடியே பெயரை மாற்றித்தரக் கேட்பதுதான். வெளிநாட்டுக் கிளை இல்லாத வங்கியென்றால் இதற்கு அஞ்சலில் கையொப்பமிட்ட கடிதம், சான்றொப்பமிட்ட நகல் என்று வாரங்கள் ஓடிவிடும். என்ஆர்ஓ மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போதே பெயரையும் பானுக்கு இசைவாகத் திருத்திக்கொண்டால் ஒரே வேலையாக முடியும்.

வடகாற்று:

கணக்கை மாற்ற விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். நீங்கள் சொன்ன பெயர்ச் சிக்கல் எனக்கும் இருக்கிறது. அதையும் சேர்த்துத் திருத்தச் சொல்கிறேன். ஜெர்மானிய வங்கிக் கணக்குக்கே பணத்தைப் பெற முடியாதா? மேலும் தாக்கல் செய்த கணக்கை இணையவழி உறுதிசெய்யும் மின்சரிபார்ப்பை இங்கிருந்து எப்படிச் செய்வது?

கணக்குமேசை:

இந்தியாவில் வங்கிக் கணக்கே இல்லாத குடியிருப்பற்றவர்கள் வெளிநாட்டுக் கணக்கு ஒன்றின் விவரத்தைத் தரலாம் என்று ஐடிஆர்-2 படிவத்திலேயே கட்டம் உள்ளது. இங்கே கணக்கு இருக்கும்போது அந்த வழியில் போக நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. என்ஆர்ஓவுக்கு வந்த பணத்தைப் பிறகு முறைப்படி வெளியே அனுப்பிக்கொள்ளலாம்.

உங்களுக்கும் ஐடிஆர்-2தான், ஏனெனில் ஐடிஆர்-1 குடியிருப்பாளர்களுக்கு மட்டும் உரியது. அதில் நீங்கள் வசிக்கும் நாட்டையும் அந்நாட்டு வரி அடையாள எண்ணையும் கேட்பார்கள். ஜெர்மனியில் முகவரிப் பதிவுக்குப் பிறகு அஞ்சலில் வரும் 11 இலக்க எண்ணைத் தரலாம். இந்தியாவில் இருந்த நாட்கள் எத்தனை என்பதையும், முந்தைய நான்கு ஆண்டுகளின் நாட்களையும் நிரப்ப வேண்டும். தாக்கலுக்கு முன், நிறுவனம் தரும் வரிச் சான்றான படிவம் 16இல் உள்ள டிடிஎஸ் தொகையும், துறையின் வரிவரவுப் பதிவான 26ஏஎஸ்ஸில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே வரவாகாத தொகையைத் துறை திருப்பித் தராது. துறை தரும் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்ஸில் வங்கி வட்டி ஏதேனும் இருந்தால் அதையும் வருமானத்தில் சேர்க்க வேண்டும். கணக்கு என்ஆர்ஓ ஆன பிறகு வரும் வட்டியில் செஸ்ஸுடன் 31.2 விழுக்காடு பிடிப்பார்கள். அதுவும் இதே கணக்கில் சரிசெய்யப்பட்டு, கூடுதலானது திரும்பி வரும்.

தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் சரிபார்க்க வேண்டும். பிந்தினால் சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும். ஆதாரோடு இணைந்த இந்தியக் கைபேசி எண் ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறும் நிலையில் இருந்தால் ஓடிபி வழி எளிது. அந்த எண்ணை விட்டுவிட்டவர்கள் நெட்பேங்கிங் வழியாகச் செய்யலாம். இரண்டும் இயலாதவர்கள் ஐடிஆர்-வி ஒப்புகையில் கையொப்பமிட்டு வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்துக்கு அனுப்ப வேண்டும், அது அதே 30 நாட்களுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். வெளிநாட்டு அஞ்சலை நம்பி இதைச் செய்வது கடைசி வழியாக இருக்கட்டும். தளத்தில் அலுவலக மின்னஞ்சல் இருந்தால் உடனே சொந்த மின்னஞ்சலாக மாற்றிவிடுங்கள். பழைய ஆண்டு வரிநிலுவை ஏதேனும் இருந்தால் 245ஆம் பிரிவின்படி அதை ரீஃபண்டில் கழிக்கப்போவதாக அறிவிப்பு வரும், பதில் தர 21 நாட்கள்தான். மூடிப்போன அலுவலக முகவரிக்கு அந்த அறிவிப்பு போனால் உங்களுக்குத் தெரியவே வராது.

நெடுவழி:

தாக்கலுக்குக் கடைசி நாளான ஜூலை 31ஐத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுதிவிடுங்கள் ஐயா. புலம்பெயர்ந்த முதல் ஆண்டில் வீடு தேடுவது, பதிவு செய்வது என்று அலைந்து இதை மறப்பவர்கள்தாம் அதிகம்.

கணக்குமேசை:

2025-26 வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதற்குப் பிந்தைய வருமானத்துக்கானது. ஜூலை 31க்குப் பிறகும் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்கு தாக்கல் செய்து ரீஃபண்ட் கோரலாம். வருமானம் 5 லட்சத்துக்கு மேல் என்றால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். வட்டியிலும் இழப்பு உண்டு. உரிய தேதிக்குள் தாக்கல் செய்தவருக்கு மாதம் அரை விழுக்காடு வட்டி ஏப்ரல் 1 முதல் கணக்கிடப்படும், தாமதித்தவருக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்துதான். அந்த வட்டி அடுத்த ஆண்டின் வருமானமாக வரிக்குரியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 31ம் போய்விட்டால், புதுப்பித்த கணக்கு எனப்படும் ஐடிஆர்-யு இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். அதில் ரீஃபண்ட் கோர முடியாது. அப்போது 119(2)(பி) பிரிவின்படி தாமதத்தைப் பொறுத்தருளக் கோரி விண்ணப்பிப்பது ஒன்றே வழி. 2024 அக்டோபர் 1 அன்று வெளியான சுற்றறிக்கையின்படி, மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் ஈட்டிய நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கலாம். தாமதத்துக்கு உண்மையான காரணம் காட்ட வேண்டும், ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் தீர்மானம்.

வடகாற்று:

இங்கே ஜெர்மனியிலும் ஏதாவது தாக்கல் செய்ய வேண்டுமா? சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடிக்கிறார்கள்.

நெடுவழி:

இதற்கு அங்கே இருப்பவர்கள் பதில் சொல்வதுதான் முறை. நான் துபாய் ஆள்.

அடர்வனம்:

நான் ஜெர்மனியில் இருக்கிறேன், இதைச் செய்திருக்கிறேன். உங்கள் இந்தியக் கதையே இங்கும் நடக்கிறது. ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும், அதே சம்பளம் பன்னிரண்டு மாதமும் வரும் என்ற அனுமானத்தில் வரி பிடிக்கிறார்கள். வரியில்லா அடிப்படைத் தொகையோ ஆண்டு முழுவதற்குமானது. 2025க்கு அது 12,096 யூரோ. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மட்டும் சம்பாதித்த உங்களுக்கும் அது முழுமையாக உண்டு என்பதால், பெரும்பாலும் இங்கும் பணம் திரும்பி வரும்.

ஆனால் 2025 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை நீங்கள் இந்தியாவில் வாங்கிய சம்பளத்தையும் இங்கே தெரிவிக்க வேண்டும். அதற்கு வரி விதிக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் ஜெர்மானிய வருமானத்துக்கு எந்த விழுக்காட்டில் வரி என்று தீர்மானிக்கும்போது அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எனவே திரும்பி வரும் தொகை, இணையக் கணிப்பான்கள் காட்டுவதைவிடக் குறையும். அந்த இந்திய வருமானம் இருப்பதால் உங்களுக்குத் தாக்கல் கட்டாயம், அதற்குக் கடைசி நாளும் 2026 ஜூலை 31. இந்தியச் சம்பளத்துக்குச் சான்றாகப் படிவம் 16 மட்டும் போதாது, ஏனெனில் அது ஏப்ரலில் தொடங்குகிறது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதச் சம்பளச் சீட்டுகளைப் பழைய நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்கு முடக்கப்படும் முன் இறக்கிவைத்துக்கொண்டீர்களா?

வடகாற்று:

சம்பளச் சீட்டுகள் கைவசம் இருக்கின்றன. பெயர்த் திருத்தமும் என்ஆர்ஓ மாற்றமும் முடிந்ததும் முன்சரிபார்ப்பு செய்து, ஐடிஆர்-2இல் குடியிருப்பற்றவராகத் தாக்கல் செய்துவிடுகிறேன். 88,075 ரூபாய் வந்ததும், வட்டி எவ்வளவு சேர்ந்தது என்பதை இதே இழையில் பதிகிறேன்.